மதப் பேச்சை முழுவதும் விலக்குவதா, வரம்பு கட்டுவதா? – பாபநாசத்தில் எடுத்த பறவைப் படத்துக்குப் பிறகு நம் பறவை நோக்கர் குழுவின் விதி குறித்து

பாளையங்கோட்டையார் (மட்டுறுத்துனர்) – ஞாயிறு, காலை 7.10

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். ஆடி அமாவாசைக்கு மறுநாள் பாபநாசம் படித்துறைக்குச் சற்றுக் கீழே எடுக்கப்பட்ட பாம்புத்தாராப் படத்தின்மேல் நடந்த விவாதத்தை நேற்று இரவு பதினொன்றரை மணிக்குப் பூட்டினேன். சடங்குக்கு வந்தவர்கள் ஆற்றில் விட்ட சேலையின் கரை காலில் சுற்றிய ஒரு பறவையைப் பற்றித் தொடங்கிய பேச்சு, சிறிது நேரத்திலேயே பறவையை விட்டு விலகி, எந்த மதத்தார் எந்த நீரை அழுக்காக்குகிறார்கள் என்ற கணக்காக மாறி, பிறகு எழுதியவரின் ஊரையும் பெயரையும் நோக்கித் திரும்பியது. ஐந்து மறுமொழிகளை நீக்கினேன். அதன் பிறகும் பேச்சு தணியாததால் இழையையே பூட்ட வேண்டியதாயிற்று.

நம் குழுவுக்கு இதுவரை இரண்டே விதிகள்தாம் இருக்கின்றன. பறவையின் பெயரும் பார்த்த இடமும் நாளும் இல்லாமல் படம் போடக் கூடாது என்பது ஒன்று. கூடு இருக்கும் மரத்தை அடையாளம் காட்டக் கூடாது என்பது மற்றொன்று. மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கலாமா என்று கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன். என் வரைவு இது: "மதம், சமயச் சடங்கு, வழிபாட்டிடம் ஆகியவை பற்றிய எந்தப் பேச்சும் இக்குழுவில் இடம்பெறாது, மீறும் பதிவுகள் முன்னறிவிப்பின்றி நீக்கப்படும்."

வரும் ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு ஒரே குளக்கரையில் ஒன்றாக நிற்க வேண்டியவர்கள் நாம். ஒருவர் தொலைநோக்கியை இன்னொருவர் வாங்கிப் பார்க்கத் தயங்கும் நிலை வந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. ஒரு வார காலம் இந்த இழை திறந்திருக்கும். உங்கள் கருத்தை மனம் திறந்து எழுதுங்கள்.

சேரன்மகாதேவியான் – ஞாயிறு, காலை 8.25

வரைவை அப்படியே ஏற்கிறேன். ஒரு சொல்லையும் தளர்த்த வேண்டாம்.

1981-இல் மீனாட்சிபுரத்து மதமாற்றம் நாடு முழுவதும் பேசப்பட்டபோது நான் கல்லூரி மாணவன். தில்லியிலிருந்தெல்லாம் ஆள்கள் வந்து போனார்கள். அந்த மாதங்களில் எங்கள் விடுதி அறையில் ஒன்றாகச் சாப்பிட்ட நான்கு பேர் நான்கு இலையாகப் பிரிந்ததை நான் கண்ணால் கண்டவன். யாரும் யாரையும் அடிக்கவில்லை, பேசித்தான் பிரிந்தோம். அதனால்தான் சொல்கிறேன், நம் பக்கத்தில் மதப் பேச்சு என்பது கருத்துப் பரிமாற்றமாக நெடுநேரம் நிற்காது. "எந்த ஊர்" என்று ஒருவர் கேட்பார். அடுத்தவர் "எந்தத் தெரு" என்பார். அங்கிருந்து சாதிக்கு ஓரடிதான். மதத்தைப் பேச இடம் கொடுத்தால் சாதியையும் சேர்த்தே உள்ளே அழைக்கிறோம் என்று பொருள்.

விலக்குகள் உள்ள விதி ஒவ்வொரு நாளும் வழக்காடு மன்றமாகிவிடும். இது அனுமதிக்கப்பட்டதே, அது ஏன் நீக்கப்பட்டது என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பாளை அண்ணாச்சி பகலில் வேலைக்குப் போகிறவர். இரவெல்லாம் அவர் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்க முடியாது.

வீரவநல்லூரான் – ஞாயிறு, முற்பகல் 11.40

சேரன்மகாதேவி அண்ணாச்சியின் அனுபவத்துக்கு மரியாதை கொடுத்தே இதை எழுதுகிறேன். வரைவில் உள்ள "வழிபாட்டிடம்" என்ற ஒரு சொல் போதும், நம் குழுவின் பாதி வேலை நின்றுவிடும்.

எங்கள் பக்கத்துத் திருப்புடைமருதூரையே எடுத்துக்கொள்ளுங்கள். கடனா நதி தாமிரபரணியில் சேரும் இடத்தில் நாறும்பூநாதர் கோயில் இருக்கிறது. கோயிலைச் சுற்றியுள்ள மருத மரங்களிலும் இலுப்பை மரங்களிலும்தான் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. ஊரார் விரும்பிக் கேட்டுக்கொண்டதன் பேரில் 2005-இல் அந்த இடம் பறவைகளுக்கான காப்பகமாக அறிவிக்கப்பட்டது. சமூகம் முன்வந்து கேட்டுப் பெற்ற இவ்வகைக் காப்பகங்களில் நாட்டிலேயே அதுதான் முதலாவது. பரப்போ மூன்று ஹெக்டேருக்கும் குறைவு. அந்த மரங்கள் ஏன் வெட்டப்படாமல் நின்றன என்று ஒரு புதிய உறுப்பினர் கேட்டால், கோயில் மரம் என்பதால் என்ற விடையை நான் எழுதக் கூடாதா? திருவிழா நாளில் ஒலிபெருக்கியை எந்தத் திசையில் கட்டினால் கூடுகளுக்குத் தொல்லை குறையும் என்று பேசக் கூடாதா? தேவாலயக் கோபுரத்தில் முட்டையிடும் கூகையைப் பற்றி எழுதக் கூடாதா?

நம் மாவட்டத்தில் பறவை தங்கும் இடங்கள் கோயில் தெப்பமும், சுடலை கோயில் ஆலமரமும், ஐயனார் காடும், மாதா கோயில் மணிக்கூண்டும், தர்கா வாசல் வேம்புமாகத்தான் இருக்கின்றன. பறவையின் பெயரிலேயே கூடச் சமயம் இருக்கிறது. நெற்றியில் வெள்ளையாக இருப்பதால்தானே நாமக்கோழி என்கிறோம்? அதை என்னவென்று மாற்றி எழுதுவது?

விதி வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் விதி பேச்சின் பொருளைத் தடுக்காமல் பேசும் முறையைத் தடுக்கும்படி இருக்க வேண்டும்.

நாங்குநேரி ஆசிரியை – ஞாயிறு, பிற்பகல் 3.05

இந்த வரைவு எழுதப்படுவதற்கு முன்பே அது எனக்கு நடைமுறைக்கு வந்துவிட்டது என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

வானமாமலைப் பெருமாள் கோயிலுக்கு மேலே வட்டமிட்ட செம்பருந்தின் படத்தைப் பங்குனியில் பதிவிட்டேன். இடம், நாள், நேரம் எல்லாம் குறிப்பிட்டு, கீழே "கருட தரிசனம்" என்று இரண்டு சொற்கள் எழுதியிருந்தேன். அன்று மாலை ஒருவர் அது மதப் பிரசாரம் என்று புகார் தர, அந்த இரண்டு சொற்களை நீக்கும்படி எனக்குத் தனிச்செய்தி வந்தது. நீக்கிவிட்டேன். ஆனால் என் அம்மா அந்தப் பறவையைக் கண்டவுடன் கன்னத்தில் போட்டுக்கொண்டதனால்தான் நான் ஆறு வயதில் முதன்முதலாக நிமிர்ந்து வானத்தைப் பார்த்தேன். செம்பருந்துக்கும் கரும்பருந்துக்கும் வாலின் வடிவில் உள்ள வேறுபாட்டை அம்மாதான் சொல்லிக் கொடுத்தார். அம்மாவுக்கு அறிவியல் பெயர் தெரியாது, கழுத்து வெண்மையும் உடல் செம்மையும் வட்டமான வாலும் தெரியும். அந்தச் சொல்லை நீக்கியபோது என் அம்மாவை நீக்கியதுபோல் இருந்தது.

யாரையும் கும்பிடச் சொல்லவில்லை. நான் பார்த்தது எனக்கு என்னவாக இருந்தது என்பதைத்தான் எழுதினேன்.

மேலப்பாளையத்தான் – ஞாயிறு, இரவு 9.20

ஆசிரியை அவர்களின் பதிவைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்குப் பறவைகளின் மேல் பிரியம் வந்ததற்குக் காரணம் கொண்டலாத்தி. சுலைமான் நபிக்கு ஸபா நாட்டு அரசியைப் பற்றிய செய்தியைக் கொண்டுவந்த ஹுத்ஹுத் பறவை அதுதான் என்று என் வாப்பும்மா சொல்வார்கள். தெருவில் கொண்டலாத்தி நடந்து போனால் கல்லெறியும் பிள்ளைகளை அதட்டி, "அது ராஜாவுக்குச் செய்தி கொண்டுபோன பறவை" என்பார்கள். ஆற்றோரத் தென்னந்தோப்பில் அது மண்ணைக் கொத்திப் புழு எடுப்பதை மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். கொண்டை விரிந்து மூடுவதை அன்று கண்ட வியப்பு இன்றும் குறையவில்லை. இதை இக்குழுவில் நான் எழுதியதில்லை. எழுதினால் "பாய் ஆரம்பித்துவிட்டார்" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற தயக்கம் இருந்தது. இங்கே சிலர் என்னைப் பாய் என்கிறார்கள், சிலர் அண்ணாச்சி என்கிறார்கள். இரண்டும் அன்பாகத்தான் வருகின்றன. ஆனாலும் பாய் என்று அழைக்கப்படுகிறவன் கொண்டலாத்தியைப் பற்றி எழுதும்போது இரண்டு முறை யோசிக்கிறான் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே எல்லாவற்றையும் மூடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நான் ஒரு வேறுபாட்டைச் சொல்கிறேன். "எனக்கு இது இப்படி" என்று சொல்வது ஒன்று. "உனக்கும் இது இப்படித்தான் இருக்க வேண்டும்" என்பது வேறு. "உனக்கு இது இப்படி இருப்பதால்தான் நீ இப்படி இருக்கிறாய்" என்பது முற்றிலும் வேறு. முதலாவதை அனுமதியுங்கள். இரண்டாவதைத் தனிச்செய்தியில் கண்டியுங்கள். மூன்றாவதை உடனே நீக்குங்கள். எங்கிருந்தோ வரும் ஃபார்வேர்டு செய்திகளுக்கு மட்டும் எந்தக் கருணையும் வேண்டாம். அது எந்த மதத்தின் பெயரில் வந்தாலும், அனுப்பியவர் கண்ட பறவை அதில் ஒன்றுமில்லை.

விக்கிரமசிங்கபுரத்தான் – திங்கள், காலை 6.30

நீக்கப்பட்ட ஐந்து மறுமொழிகளில் இரண்டு என்னுடையவை. அவற்றில் ஒன்றுக்காக வருந்துகிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் என் பக்கத்தைக் கேளுங்கள்.

பாபநாசம் படித்துறை என் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவு. என் தாத்தா, அப்பா, இப்போது நான் என மூன்று தலைமுறையாக அங்கே எள்ளும் தண்ணீரும் இறைக்கிறோம். இந்த ஆற்றில் கலக்கும் சாக்கடைகளின் படங்களை நானே இக்குழுவில் எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் "வருத்தமாக இருக்கிறது" என்று நான்கு பேர் எழுதிவிட்டுப் போனார்கள். சாக்கடையை விட்டவரின் மதத்தை யாரும் கேட்கவில்லை. ஆனால் துணி கிடக்கும் படம் வந்தவுடன் "மூடநம்பிக்கை", "உங்கள் ஆள்கள்" என்ற சொற்கள் வந்தன. ஒரே ஆறு, ஒரே அழுக்கு. ஆனால் ஓர் இடத்தில் குற்றம் நகராட்சியுடையது, இன்னோர் இடத்தில் குற்றம் என் தெய்வத்துடையது என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

துணியை ஆற்றில் விடுவதை நான் ஆதரிக்கவில்லை. என் தாத்தா ஒருநாளும் துணியை ஆற்றில் விட்டதில்லை. நனைந்த வேட்டியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். பரிகாரம் என்று சொல்லி உடுத்திய துணியை விட்டுவிட்டுப் போகும் கூட்டம் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வருகிறது. முன்பு யாராவது விட்டாலும் அது பருத்தி; நாளாவட்டத்தில் இற்றுப்போகும். இப்போது வருவது பாலியெஸ்டரும் நைலானும். பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டால் அடுத்த வெள்ளம் வரை அங்கேயே கிடந்து, மீனையும் பறவையையும் சிக்க வைக்கிறது. 2018 புஷ்கரத்தின்போது வந்த கூட்டத்தையும் அதற்குப் பின் ஆற்றின் நிலையையும் கரையில் நின்று பார்த்தவன் நான். எனக்குத் தெரியாததை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்லும் உரிமையை என்னிடமிருந்து பறித்துக்கொண்டு, என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய பிறகு நான் எப்படி ஒப்புக்கொள்வேன்?

நான் வருந்துவது இதற்காக: படம் எடுத்த அக்காவின் ஊர் இடையன்குடி என்பதைப் பார்த்துவிட்டு, "கால்டுவெல் ஊரிலிருந்து எங்கள் படித்துறைக்குப் பாடம் நடத்த வந்துவிட்டார்கள்" என்று எழுதினேன். அதை நான் எழுதியிருக்கக் கூடாது.

இடையன்குடிக்காரி – திங்கள், முற்பகல் 10.15

எல்லோரும் என் படத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். இந்த இரண்டு நாள்களில் ஒருவர்கூட அந்தப் பறவை பிழைத்ததா என்று கேட்கவில்லை.

பிழைத்தது. நடந்ததை இப்போது முழுதாக எழுதுகிறேன். அதை அன்றே எழுதாதது என் தவறு.

காலை ஏழு மணி இருக்கும். படித்துறையிலிருந்து இருநூறு அடி கீழே ஒரு பாறையில் பாம்புத்தாரா சிறகை விரித்து உட்கார்ந்திருந்தது. வெயில் காய்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். கேமராவில் நெருக்கிப் பார்த்தபோது வலது காலில் சிவப்புச் சேலைக் கரை நாலைந்து சுற்றுச் சுற்றியிருந்தது. அதன் மறுமுனை தண்ணீருக்குள் பாறையடியில் மாட்டியிருந்தது. எழும்ப முயன்று முயன்று களைத்துப்போய், அலகைத் திறந்தபடி இருந்தது. நான்கு படம் எடுத்தேன். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு ஈர வேட்டியோடு கரையேறிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, நான் காட்டிய திசையைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் போய், தோளில் இருந்த துண்டைப் பறவையின் தலைமேல் போட்டு மூடினார். அலகு ஈட்டி மாதிரி இருக்கும், கண்ணில் குத்திவிடும் என்று நான் கரையிலிருந்து கத்தினேன். அவர் அதற்குள் கழுத்தைப் பிடித்துவிட்டார். இன்னொருவர் பூக்கடையிலிருந்து கத்தரிக்கோல் வாங்கி வந்தார். ஒவ்வொரு சுற்றாக வெட்டி எடுக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. துண்டை எடுத்ததும் அது தண்ணீரில் விழுந்து மூழ்கி, வெகு தூரம் தள்ளிப் பாம்பு மாதிரிக் கழுத்தை மட்டும் நீட்டியது. பெரியவர் அந்தச் சேலைத் துண்டைப் பிழிந்து மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

அவர் படம் என்னிடம் இருக்கிறது. ஆனால் சிக்கிய பறவையின் படம்தான் பார்ப்பவர் நெஞ்சில் தைக்கும் என்று நினைத்து அதை மட்டும் பதிவிட்டு, "ஆடி அமாவாசையின் மிச்சம்" என்று தலைப்பு வைத்தேன். அந்தத் தலைப்பு ஒரு நாளின் மேல், அந்த நாளைக் கொண்டாடும் எல்லோரின் மேலும் பழி போடுகிறது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. விக்கிரமசிங்கபுரத்துத் தம்பி, உங்கள் கோபத்தில் பாதி நான் வைத்த தலைப்பால் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மற்ற பாதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மட்டுறுத்துனர் அண்ணாச்சி நீக்காமல் விட்ட ஒரு மறுமொழி இன்னும் அந்தப் பூட்டிய இழையில் இருக்கிறது. "ஆற்றில் சேலை மட்டுமா கிடக்கிறது, பாவாடையும் வந்து கிடக்கிறதே" என்பது அது. துணிகளைப் பற்றிய பேச்சுக்கு நடுவே வந்ததால் அதுவும் துணியைப் பற்றியது என்று நீங்கள் படித்திருப்பீர்கள். கிறிஸ்தவர்களை அந்தச் சொல்லால் இழிப்பது வழக்கம் என்பது கிறிஸ்தவர்களுக்குத்தான் உடனே தெரியும். எனக்குப் படித்த கணத்தில் தெரிந்தது. அதற்கு ஏழு பேர் விருப்பக்குறி இட்டிருக்கிறார்கள். அந்த ஏழு பேரில் இரண்டு பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள்.

மதத்தைப் பேசக் கூடாது என்ற விதி இருந்திருந்தாலும் அந்த மறுமொழி தப்பித்திருக்கும், ஏனென்றால் அதில் மதம் என்ற சொல்லே இல்லை. நான் கேட்பது இதுதான். விதியை எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், ஆனால் அதைக் காக்கும் இடத்தில் ஒருவர் மட்டும் உட்கார வேண்டாம்.

விக்கிரமசிங்கபுரத்தான் – திங்கள், முற்பகல் 10.50

அக்கா, அந்தச் சொல்லுக்கு விருப்பக்குறி இட்டவர்களில் நானும் ஒருவன். பொருள் தெரிந்தேதான் இட்டேன். மன்னிப்புக் கேட்கிறேன், சற்று முன் அதை எடுத்துவிட்டேன்.

அந்தப் பெரியவரின் படத்தையும் பதிவிடுங்கள். முகம் தெரியாமல் இருந்தாலும் போதும்.

அம்பை வழக்கறிஞர் – திங்கள், மாலை 6.00

சட்ட நிலையைப் பற்றி இரண்டு பேர் தனிச்செய்தியில் கேட்டதால் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவு, மதம், இனம், மொழி முதலியவற்றின் பேரில் பிரிவினருக்கிடையே பகையை வளர்ப்பதைத் தண்டிக்கிறது. இது பழைய 153-ஏ. 299-ஆம் பிரிவு, மத உணர்வைப் புண்படுத்தும் உள்நோக்கத்தோடு வேண்டுமென்றே செய்யும் அவமதிப்பைத் தண்டிக்கிறது. இது பழைய 295-ஏ. இரண்டுக்கும் மூன்றாண்டு வரை சிறை விதிக்கலாம். ஒரு சடங்கினால் ஆற்றுக்கு நேரும் கேட்டை உண்மையாக எடுத்துச் சொல்வது இவற்றுக்குள் வராது. இயற்கையையும் ஆறுகளையும் காட்டுயிர்களையும் காப்பது குடிமக்களின் அடிப்படைக் கடமை என்று அரசமைப்பின் 51-ஏ பிரிவே சொல்கிறது. ஆகவே சட்டத்துக்குப் பயந்து பாபநாசத்தைப் பற்றிப் பேசாமல் இருக்கத் தேவையில்லை.

உறுப்பினர் எழுதியதற்கு நிர்வாகி சிறை செல்ல வேண்டுமோ என்ற பயமும் இருக்கிறது. வாட்ஸ்அப் குழு நிர்வாகிகளைப் பற்றி 2021-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளையும், அதே ஆண்டில் நம் மதுரைக் கிளையும், 2022-இல் கேரள உயர் நீதிமன்றமும் ஏறக்குறைய ஒரே நிலையை எடுத்தன: நிர்வாகி என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது, அவருக்கும் அந்தச் செயலில் பங்கு இருந்ததாகக் காட்ட வேண்டும். ஆனால் தெரிந்தும் ஊக்குவித்தார் என்ற நிலை வந்தால் இந்தப் பாதுகாப்பு நிற்காது.

நடைமுறைக்கு ஒன்று சொல்கிறேன். நீக்கும் மறுமொழியை அழித்துவிடாதீர்கள், மறைத்து வையுங்கள். பின்னாளில் புகார் எழுந்தால், யார் என்ன எழுதினார், நீங்கள் எந்த நேரத்தில் என்ன செய்தீர்கள் என்பதைக் காட்ட அது ஒன்றுதான் சான்று. நீக்கியதற்கான காரணத்தையும் ஒரு வரியில் அங்கேயே எழுதிவிட்டால், "என்னை மட்டும் ஏன்" என்ற கேள்வி பாதியாகக் குறைந்துவிடும்.

கூந்தன்குளத்தான் – செவ்வாய், காலை 5.45

எனக்கு நீளமாக எழுதிப் பழக்கமில்லை. எங்கள் ஊர் நடப்பைச் சொல்கிறேன்.

கூந்தன்குளம் 1994-இல்தான் சரணாலயம் ஆயிற்று. பறவைகள் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே வருகின்றன. குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமல்ல, வீட்டுக் கொல்லைப் புளியிலும் வேம்பிலும் மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டும். முற்றமெல்லாம் எச்சம், மீன் நாற்றம். யாரும் விரட்டுவதில்லை. பறவை வந்தால் மழை வரும், விளைச்சல் வரும் என்பது எங்கள் நம்பிக்கை. பறவை எச்சம் கலந்த குளத்துத் தண்ணீரும் வண்டலும் வயலுக்கு உரம் என்பது எங்கள் அனுபவம். இந்த இரண்டையும் எங்களால் பிரித்துப் பார்க்க முடியாது. தீபாவளிக்கு ஊரில் வெடி வெடிப்பதில்லை. அதற்கு யாரும் எங்கள்மேல் சட்டம் போடவில்லை.

வெளியிலிருந்து ஒருவர் வந்து "உங்கள் பண்டிகை பறவையைக் கொல்கிறது" என்று முதலில் சொல்லியிருந்தால் எங்கள் ஊர் என்ன செய்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. சொன்னவர்கள் ஊர்ப் பெரியவர்கள். "வீட்டுக்கு வந்த விருந்தாளி பயப்படும், வேண்டாம்" என்றார்கள். பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே ஒரு வழக்கத்தைப் பற்றிக் குழுவில் பேச்சு வந்தால், அந்த வழக்கத்தில் வளர்ந்த ஒருவரை முதலில் பேச விடுங்கள். பாபநாசத்தைப் பற்றி விக்கிரமசிங்கபுரத்துத் தம்பி எழுதியதைவிட நன்றாக வேறு யார் எழுதிவிட முடியும்? பருத்திக்கும் நைலானுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் முதல் நாளே எழுதியிருப்பார், நாம் விட்டிருந்தால்.

இழையைப் பூட்டும் முன் போனை எடுத்து ஒரு வார்த்தை பேசலாம், அண்ணாச்சி. எழுத்தில் மூண்டது குரலில் தணியும்.

சேரன்மகாதேவியான் – செவ்வாய், இரவு 8.15

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். இடையன்குடி அம்மாவின் பதிவு என்னைக் கலங்க வைத்தது. முழு விலக்கு விதியும் அந்த மறுமொழியைத் தடுத்திருக்காது என்று அவர்கள் சொன்னது உண்மை. அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

ஆயினும் என் ஐயம் முழுதும் தீரவில்லை. இங்கே எழுதிய ஏழெட்டுப் பேரும் பொறுப்பானவர்கள். குழுவில் இருப்பவர்களோ பல நூறு பேர். "எனக்கு இது இப்படி" என்று தொடங்கி மூன்றாம் வரியில் அடுத்தவர் மேல் பாயத் தெரிந்தவர்களும் அவர்களில் உண்டு. குறைந்தது இரண்டையாவது ஏற்றுக்கொள்ளுங்கள். சாதியைச் சுட்டும் பேச்சுக்கு, ஊர், தெரு, குடும்பப் பெயர் கேட்பது உட்பட, எந்த விலக்கும் கூடாது. சர்ச்சைக்குரிய இழைகளில் இரவு பத்து மணிக்கு மேல் மறுமொழியைக் காலை வரை நிறுத்தி வையுங்கள். சனிக்கிழமை இழையில் நீங்கள் நீக்கிய ஐந்தும் இரவு பத்தரைக்கு மேல் எழுதப்பட்டவை என்பதை நேரம் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பாளையங்கோட்டையார் (மட்டுறுத்துனர்) – வியாழன், காலை 7.00

இரண்டு நாள்கள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் என் தவறு. அந்த மறுமொழியை நான் படித்தேன். துணியைப் பற்றியது என்றே நினைத்துக் கடந்து போனேன். நான் நீக்கிய ஐந்தில் எனக்கு வலித்தவை இருந்தன. எனக்கு வலிக்காதது தங்கிவிட்டது. நடுநிலையாக நடந்துகொண்டேன் என்று சனிக்கிழமை இரவு நிம்மதியாக உறங்கினேன் என்பதை நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது. நாங்குநேரி ஆசிரியைக்குத் தனிச்செய்தி அனுப்பியவனும் நான்தான். அம்மா, "கருட தரிசனம்" என்ற சொற்களைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள்.

என் வரைவைத் திரும்பப் பெறுகிறேன். நேற்று மாலை மேலப்பாளையத்து அண்ணாச்சியுடனும் இடையன்குடி அக்காவுடனும் தொலைபேசியில் பேசி எழுதிய புதிய வாசகம் இது:

"பறவையோடும் அது வாழும் இடத்தோடும் தொடர்புடைய நம்பிக்கை, சடங்கு, வழிபாட்டிடம் ஆகியவற்றைப் பற்றித் தாம் கண்டதையும் தம் அனுபவத்தையும் எழுதலாம். ஒரு வழக்கத்தால் பறவைக்கோ நீர்நிலைக்கோ கேடு நேர்ந்தால், நடந்த செயலையும் இடத்தையும் நாளையும் எழுத வேண்டும். அதைச் செய்தவர்களின் மதத்தைத் தலைப்பாக்கக் கூடாது. பிறரை ஒரு நம்பிக்கைக்கு அழைப்பதும், ஒருவரின் மதத்தையோ சாதியையோ அவருடைய ஊர், தெரு, பெயர் ஆகியவற்றைக் கொண்டு சுட்டுவதும், இழிசொல்லை மறைமுகமாகப் பயன்படுத்துவதும், ஃபார்வேர்டு செய்திகளும் மறைக்கப்படும். காரணம் அங்கேயே எழுதப்படும்."

இனி மட்டுறுத்துனர்கள் மூவர் இருப்போம்: அவர்கள் இருவரும் நானும். மூவரில் ஒருவர் ஒரு சொல் வலிக்கிறது என்று சொன்னாலே போதும். மற்ற இருவருக்கும் அது ஏன் என்று புரியும்வரை அந்த மறுமொழி மறைந்தே இருக்கும். இரவு பத்து மணிக் கட்டுப்பாட்டையும் சேர்த்துவிட்டேன். பூட்டிய இழையை இன்று மாலை திறக்கிறேன். அந்தப் பாவாடை மறுமொழியை எழுதியவரிடம் பேசினேன்; அவர் குழுவை விட்டு விலகிக்கொண்டார். அதில் எனக்கு மகிழ்ச்சியில்லை. அவர் நல்ல கண்ணுடையவர், கங்கைகொண்டானில் அவர் காட்டித்தான் நான் முதன்முதலாகக் கல்குருவியைப் பார்த்தேன்.

மேலப்பாளையத்தான் – வியாழன், காலை 9.30

பொறுப்பை ஏற்கிறேன். ஒரு வேண்டுகோள்: தர்காவிலோ பள்ளிவாசலிலோ நடப்பதைப் பற்றிப் புகார் வந்தால் முதல் முடிவை என்னிடம் விடாதீர்கள். நான் என் ஆள்களுக்குச் சாய்வேன் என்பதற்காக அன்று. சாய்ந்துவிடக் கூடாதே என்று தேவைக்கு மேல் கடுமையாக இருந்துவிடுவேன்.

விக்கிரமசிங்கபுரத்தான் – வியாழன், பிற்பகல் 1.20

தை அமாவாசைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. படித்துறையின் இரண்டு பக்கமும் துணி போடப் பெரிய மூங்கில் கூடைகள் வைக்கலாமா என்று தர்ப்பணம் செய்து வைக்கும் ஐயர்களில் இருவரிடம் நேற்றுக் கேட்டேன். மந்திரம் சொல்லி முடித்தவுடன் "துணியைக் கூடையில் போடுங்கள்" என்று தாங்களே சொல்வதாக ஏற்றுக்கொண்டார்கள். நாம் அட்டை எழுதி வைப்பதைவிட அவர்கள் வாயால் சொன்னால் கேட்பார்கள்.

அதற்கு முன் பாறை இடுக்கில் ஏற்கெனவே கிடப்பதை எடுக்க வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் படித்துறைக்கு வாருங்கள். வெட்டுக்கத்தியும் கொக்கிக் கம்பும் என்னிடம் இருக்கின்றன. கையுறையும் சாக்கும் தேவை. அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்று சனிக்கிழமை மாலை பார்த்து எழுதுகிறேன்.

இடையன்குடிக்காரி – வியாழன், பிற்பகல் 1.45

பதினைந்து சாக்கு நான் கொண்டு வருகிறேன். ஞாயிறு ஆராதனை எனக்கு எட்டரைக்குத்தான். அந்த வாரம் பாபநாசத்திலிருந்தே அம்பைக் கோயிலுக்குப் போய்க்கொள்வேன்.